பூமன் ஆந்தையா, கொம்பன் ஆந்தையா? மசினகுடி, மாயாறு பக்கம் பிரித்தறிய முழுமையான வழிகாட்டி

மசினகுடி, சீகூர், தெப்பக்காடு பக்கம் சாயங்காலத்தில் தலையில் இரண்டு கொம்புத் தூவியோடு பெரிய ஆந்தை ஒன்று தென்பட்டால், அது பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்று, நீரோரத்தில் மீனும் நண்டும் பிடிக்கும் பூமன் ஆந்தை. மற்றது, பாறையிலும் மண்சரிவிலும் குடியிருக்கும் கொம்பன் ஆந்தை. இரண்டும் நெருங்கிய உறவு. பூமனை இப்போது கெடூபா பேரினத்தில் வைக்கிறார்கள், கொம்பன் பூபோ பேரினம். முன்பு சிலர் பூமனையும் பூபோவிலேயே சேர்த்திருந்தார்கள். அந்த அளவுக்கு ஒற்றுமை உண்டு.

புதிதாக வருகிறவர்களில் பலருக்கு அடையாளங்கள் மனப்பாடமாகவே தெரியும். ஆனாலும் களத்தில் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் எதை முதலில் பார்ப்பது என்று முடிவு செய்யாமல் வருகிறார்கள். நல்ல வெளிச்சம் இருக்கும் கொஞ்ச நேரத்தை முகத்தையும் கொம்பையும் பார்த்தே கழித்துவிட்டு, இருட்டிய பிறகு காலைத் தேடுகிறார்கள். அதனால் இந்த வழிகாட்டியை வெளிச்சம் குறையும் வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். வெளிச்சம் தேவைப்படுவது முதலில், காதுக்கு மட்டும் வேலை உள்ளது கடைசியில்.

1. கிளம்பும் முன்

நவம்பர் முதல் மார்ச் வரை ஏற்ற காலம். இரண்டு ஆந்தைகளும் அந்த மாதங்களில்தான் ஜோடியாகக் கூவும், கூடு வைக்கும். கொம்பன் பிப்ரவரியை ஒட்டி அதிகமாகக் கூவும். சீகூர்ப் பக்கம் மழைமறைவுப் பகுதி. பிப்ரவரி வாக்கில் மரங்கள் இலை உதிர்த்துவிடுவதால் பகலில் ஒளிந்திருக்கும் ஆந்தையும் கண்ணில் படும்.

டிசம்பரில் ஆறு மணியளவிலும் பிப்ரவரியில் ஆறரையை ஒட்டியும் சூரியன் மறையும். அதற்கு ஒரு மணி நேரம் முன்பே இடத்தில் இருங்கள். ஆற்றுப் பள்ளத்தில் வெயில் இன்னும் முன்னதாகவே போய்விடும். கடிகாரத்தை நம்பி ஆறு மணிக்கு வருகிறவருக்கு நிழலுருவம் மட்டும்தான் மிஞ்சும்.

8×42 பைனாகுலர் போதும். அதிகப் பெருக்கம் உள்ளதை வாங்கினால் கை நடுக்கமும் பெரிதாகும், அந்தி வெளிச்சத்தில் படமும் மங்கும். நோட்டு, பென்சில், குரல் பதிவு செய்ய ஒரு ஃபோன், ஒரு ஸ்வெட்டர். டார்ச் உங்கள் கால் வைக்கும் இடத்தைப் பார்க்க மட்டும். ஆந்தையின் கண்ணில் அடித்தால் அது கொஞ்ச நேரத்துக்குச் சரியாகப் பார்க்க முடியாமல் திணறும், அன்றைய வேட்டையும் கெடும்.

அனுமதி விஷயத்தை இலேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இது முதுமலை புலிகள் காப்பகமும் அதைச் சுற்றிய காடும். அனுமதியில்லாமல் காட்டுக்குள் கால் வைப்பது குற்றம், அதோடு உயிருக்கும் ஆபத்து. அந்தி நேரத்தில் யானைகள் தண்ணீருக்கு இறங்கும் அதே ஆற்றோரம்தான் பூமனுக்கும் இடம். ஊர் எல்லை, பொதுச் சாலை, தங்கியிருக்கும் இடத்தின் வளாகம், வனத்துறை வாகனச் சுற்று, இவற்றிலிருந்தே பாருங்கள். தெப்பக்காடு சாலையில் வண்டியை விட்டு இறங்காதீர்கள்.

உள்ளூரில் விசாரிக்கும்போது பறவையின் பெயரைச் சொல்லிக் கேட்பதால் பயன் குறைவு. பெரிய ஆந்தை எதுவானாலும் பலர் கோட்டான் என்றே சொல்வார்கள். வேட்டைத் தடுப்புக் காவலரிடமோ மாடு மேய்க்கிறவரிடமோ, "அண்ணா, அந்தப் பெரிய ஆந்தை மரத்துல உக்காருமா, பாறையில உக்காருமா? தண்ணிப் பக்கம் இறங்கிப் பாத்திருக்கீங்களா?" என்று கேளுங்கள். எங்கே உட்காரும், என்ன தின்னும் என்ற இரண்டு பதிலும் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

2. இடத்தைப் படியுங்கள், ஆனால் முடிவு செய்யாதீர்கள்

பூமனுக்குத் தண்ணீர் வேண்டும், தண்ணீருக்கு மேல் பெரிய மரமும் வேண்டும். மாயாற்றின் ஓரத்தில் நீர்மருது, நாவல், புங்கன் அடர்ந்து நிற்கும் பகுதிகள், ஓடை வளைவுகள், மரவகண்டி போன்ற நீர்த்தேக்கங்களின் கரைகள் அதற்குரிய இடம். பகலில் இலை அடர்ந்த கிளையில், அடிமரத்தை ஒட்டி உட்கார்ந்திருக்கும்.

கொம்பனுக்குப் பாறை வேண்டும். வேலமரமும் உண்ணிச்செடியும் கள்ளியும் கலந்த புதர்க்காடு, நடுவே மொட்டைப் பாறை, மண் அரித்த சரிவு, பாழடைந்த குவாரி. பகலில் பாறை இடுக்கிலோ புதர் நிழலிலோ அசையாமல் இருக்கும். முட்டையும் வெறும் தரையில்தான், பாறைத் திட்டில் அல்லது புதரடியில் வைக்கும்.

சரி, இதை வைத்தே முடிவு செய்துவிடலாமே என்று தோன்றும். கூடாது. மாயாறு பல இடங்களில் செங்குத்தான பள்ளத்துக்குள் ஓடுகிறது. ஒரே இடத்தில் கீழே ஆறு, மேலே பாறைச் சுவர். ஆற்றங்கரை மண்சரிவு கொம்பனுக்கும் பிடித்த இடம். பூமனும் சில நேரம் பாறைத் திட்டில் கூடு வைக்கும். "ஆற்றோரம் பார்த்தேன், அதனால் பூமன்" என்று எழுதப்பட்ட குறிப்புகளில் கொம்பன் ஒளிந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இடம் உங்களுக்கு ஒரு எதிர்பார்ப்பைத் தரும். அதை நோட்டின் ஓரத்தில் எழுதிவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

3. பகலில் தடயம் தேடுங்கள்

மாலையில் தற்செயலாக ஆந்தை வரும் என்று காத்திருப்பதைவிட, அது அடைந்திருக்கும் இடத்தைப் பகலில் கண்டுபிடித்து வைப்பது மேல். கிளம்பிப் போகும் அந்தப் பத்து நிமிடம் முழுதும் உங்களுக்குக் கிடைக்கும்.

முதல் தடயம் சத்தம். காகம், வால்காக்கை, கரிச்சான், கொண்டைக்குருவி எல்லாம் ஒரே மரத்தைச் சுற்றிக் கத்தினால் அங்கே பாருங்கள். பாம்பாகவோ பருந்தாகவோ இருக்கலாம். ஆந்தையாகவும் இருக்கலாம்.

இரண்டாவது தடயம் கீழே கிடக்கும். கிளைக்கு நேர் கீழே வெள்ளை எச்சம் வழிந்திருக்கும். அதன் பக்கத்தில், செரிக்காத பாகங்களை ஆந்தை கக்கிய உருண்டையும் இருக்கும். ஒரு குச்சியால் பிரித்துப் பாருங்கள். கொம்பன் கக்கியது எலி முடி சுற்றி இறுகிய உருண்டை. உள்ளே எலியின் தாடை, பல், மெல்லிய எலும்புகள், சில நேரம் கவுதாரியின் இறகுத் துண்டும் இருக்கும். பூமன் கக்கியது பெரும்பாலும் தொட்டதும் உதிர்ந்துவிடும். நண்டு ஓட்டின் செந்நிறச் சில்லுகள், மீன் செதில், தவளை எலும்பு, இவற்றைப் பிடித்துவைக்க முடி இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஆற்றுப் பாறையில் நண்டு ஓடும் மீன் செதிலும் கிடந்தாலே பூமன் என்று எண்ணிவிட வேண்டாம். மாயாற்றில் நீர்நாய் உண்டு. அதன் எச்சமும் செதிலாகவே இருக்கும். அது பாறை மேல் குவிந்து கிடக்கும், கடுமையான மீன் வாடை வீசும். கீரியும் நண்டு உடைத்துத் தின்னும். மேலே கிளை இருக்கிறதா, வெள்ளை எச்சம் வழிந்திருக்கிறதா என்று நிமிர்ந்து பாருங்கள். இரண்டும் இருந்தால்தான் ஆந்தைக் கணக்கில் வரும்.

உருண்டையைப் பிரித்தால் கையைக் கழுவுங்கள். பாறைத் திட்டு பக்கம் தடயம் தேடிப் போய்க் கூட்டை மிதித்துவிடாதீர்கள். கொம்பன் ஏறக்குறைய 33 நாள் அடைகாக்கும். தாய் எழுந்து பறந்தால் முட்டை வெயிலில் கிடக்கும், காகமும் பார்த்துக்கொண்டிருக்கும்.

4. ஆந்தை கண்ணில் பட்டதும் முதலில் கால்

பைனாகுலரைத் தூக்கியதும் கண் தானாக ஆந்தையின் முகத்துக்குப் போகும். மனிதப் பழக்கம் அது. அதை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் கிளையைப் பாருங்கள். கிளையைப் பற்றியிருக்கும் விரலைப் பாருங்கள். அங்கிருந்து மேலே போங்கள்.

பூமனின் கால் வெறுமையானது. விரலும் அதற்கு மேலே உள்ள தண்டுப் பகுதியும் தூவியில்லாமல், சாம்பல் கலந்த மஞ்சள் நிறத்தில் நீளமாகத் தெரியும். தண்ணீரில் இறங்கி நடக்கிற பறவை அது. ஆழமில்லாத நீரில் மேலும் கீழும் நடந்து இரை தேடும், குளிக்கவும் செய்யும். காலில் தூவி இருந்தால் நனைந்து பாரமாகிவிடும். பாதத்தின் அடிப்பக்கம் வழுக்கும் மீனைப் பிடிக்கச் சொரசொரப்பான முள் செதில்கள் உண்டு. அவை தூரத்திலிருந்து தெரியாது, ஆனால் நல்ல புகைப்படத்தில் விரல் கரடுமுரடாகத் தெரிவதைக் கவனிக்கலாம்.

கொம்பனின் கால், கம்பளிக் காலுறை போட்டதுபோல விரல் வரை வெளிர்ப் பழுப்புத் தூவியால் மூடியிருக்கும். நகத்தை ஒட்டிய நுனி மட்டும் வெறுமையாக இருக்கும்.

வேறு எல்லா அடையாளமும் வெளிச்சத்தாலும் மனநிலையாலும் மாறும். கால் மாறாது. அதனால்தான் இதற்கு முதல் இடம்.

இதில் இரண்டு இடத்தில் ஏமாறுகிறார்கள்.

ஒன்று, உட்கார்ந்திருக்கும் ஆந்தை வயிற்றுத் தூவியைத் தளர்த்திக் காலை மூடிக்கொள்ளும். குளிர்ந்த காலையில் இது இன்னும் அதிகம். காலே தெரியாத பூமனைப் பார்த்து "தூவி மூடிய கால்" என்று எழுதிவிடுகிறார்கள். விரலுக்கு மேலே தொங்குவது வயிற்றுத் தூவியா, காலின் மேலேயே முளைத்ததா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் காத்திருங்கள். கிளம்பும் முன் ஆந்தை எழுந்து நிற்கும், ஒரு பக்கச் சிறகையும் அதே பக்கக் காலையும் நீட்டிச் சோம்பல் முறிக்கும். அந்த ஒரு நீட்டலில் கால் முழுதும் தெரிந்துவிடும். இதற்காகவே பைனாகுலரை இறக்காமல் வைத்திருப்பது வீண்போகாது.

இன்னொன்று, தொடை. பூமனுக்கும் தொடைப் பகுதியில் தூவி உண்டு. அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். விரலுக்கு உடனே மேலே உள்ள தண்டுப் பகுதிதான் கணக்கு.

5. அடுத்து மார்பும் வயிறும்

"கோடு இருக்கிறது" என்று மட்டும் எழுதினால் ஒன்றும் ஆகாது. இரண்டுக்கும் நெடுங்கோடு உண்டு, இரண்டுக்கும் மெல்லிய குறுக்கு வரியும் உண்டு. கோடு மேலிருந்து கீழே எப்படி மாறுகிறது என்பதைப் பாருங்கள்.

கொம்பனுக்கு மேல் மார்பில் கருமையான தடித்த பட்டைகள் நெருங்கியிருக்கும். வயிற்றுக்கு இறங்க இறங்க அவை மெலிந்துபோகும். அடிநிறம் பொன் சாயலுள்ள செம்பழுப்பு. பூமனுக்கு மார்பு முதல் வயிறு வரை மெல்லிய கருங்கோடுகள் ஏறக்குறைய ஒரே தடிப்பில் போகும், இடையிடையே நெளிநெளியான குறுக்கு வரிகள். அடிநிறம் மங்கிய வெளிர்ப் பழுப்பு. தூரத்தில் பார்த்தால் கொம்பனின் மார்பு வயிற்றைவிடக் கருத்துத் தெரியும், பூமன் முழுதும் ஒரே நிறமாகத் தெரியும்.

தொண்டையின் வெள்ளை பற்றிப் பலர் கேட்கிறார்கள். பூமனுக்குத் தொண்டையில் வெள்ளைத் திட்டு நன்றாகத் தெரியும், உண்மைதான். ஆனால் கொம்பனும் கூவும்போது தொண்டையை உப்பவைக்கும், அப்போது அதற்கும் வெள்ளை பளிச்சென்று தெரியும். கூவிக்கொண்டிருக்கும் ஆந்தையின் தொண்டையை வைத்து முடிவெடுக்க வேண்டாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போது வெள்ளை தெரிந்தால் பூமன் பக்கம் ஒரு மதிப்பெண் கூடும், அவ்வளவுதான்.

6. முகம், கண், கொம்பு: நம்பிக்கையின் வரிசையில்

முகத்தில் உருப்படியான அடையாளம் ஒன்று உண்டு. கொம்பனின் முகவட்டத்தைச் சுற்றிக் கருப்பு விளிம்பு அழுத்தமாக ஓடும். உள்ளே அதிகம் கோடில்லாத சுத்தமான முகம். பூமனுக்கு அந்த வட்டம் தெளிவாக அமைவதில்லை. முகமும் தலையும் ஒன்றோடொன்று கலந்து, மெல்லிய கருங்கோடுகளோடு தட்டையாக இருக்கும். விளிம்பு தெரிகிறதா என்று பாருங்கள். இது நேருக்கு நேர் பார்க்கும்போது மட்டும் செல்லுபடியாகும்.

கண் இரண்டாவது. பூமனுக்குப் பொன்மஞ்சள், கொம்பனுக்கு ஆரஞ்சு கலந்த மஞ்சளிலிருந்து நல்ல ஆரஞ்சு வரை. பகலில் பிரிக்கலாம். ஆனால் மாலை வெயிலில் எந்த மஞ்சளும் ஆரஞ்சாகிவிடும். ஃபிளாஷ் அடித்த படத்தில் கண் நிறத்தைப் பேசுவதே வீண்.

கொம்பு கடைசி. கொம்பனின் கொம்பு கருத்து, நிமிர்ந்து நிற்கும். பூமனுடையது கலைந்து பக்கவாட்டில் சாய்ந்திருக்கும். புத்தகப் படத்தில் இது தெளிவாக இருக்கும். களத்தில் அப்படியில்லை. பயந்த பூமன் கொம்பைத் தூக்கும், நிம்மதியாக இருக்கும் கொம்பன் படியவைக்கும், காற்றடித்தால் இரண்டும் கலையும். பெயரிலேயே கொம்பு இருப்பதால் இந்த அடையாளத்துக்குத் தகுதிக்கு மேல் மதிப்பு கிடைத்துவிட்டது என்பது என் கருத்து.

அளவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பூமன் 48 முதல் 61 செ.மீ., கொம்பன் 50 முதல் 56 செ.மீ. ஒன்றின் அளவுக்குள்ளேயே மற்றது அடங்கிவிடுகிறது. "ரொம்பப் பெரிசா இருந்துச்சு" என்பது குறிப்பில் எழுதத் தகுந்த அடையாளம் அல்ல.

7. பறந்து போகும்போது

கொம்பன் தலைக்கு மேல் போனாலும் சத்தம் கேட்காது. சிறகின் முன்விளிம்பில் காற்றைக் கிழிக்கும் ஒலியை அடக்கும் மென்மையான சீப்பு விளிம்பு அதற்கு உண்டு. பூமனுக்கு அது இல்லை. தண்ணீருக்குள் இருக்கும் மீனைப் பிடிக்க ஓசையில்லாமல் பறக்க வேண்டிய தேவை குறைவு. அருகில் பறந்தால் சிறகடிக்கும் ஒலி கேட்கும்.

விரிந்த சிறகில் கொம்பனுக்குச் செம்பழுப்பு அகலமாகத் தெரியும். பூமனின் வாலில் கரும்பழுப்பின் மேல் மூன்று நான்கு வெளிர்ப் பட்டைகள். இந்த இரண்டையும் துணைச் சான்றாக வைத்துக்கொள்ளுங்கள். பறக்கும் ஒரு கணத்தை மட்டும் வைத்து இனத்தை எழுத வேண்டாம்.

8. இருட்டிய பிறகு: காதுக்கு வேலை

இனி பைனாகுலரைக் கீழே வைத்துவிடலாம். வண்டியின் எஞ்சினை அணையுங்கள், பேச்சை நிறுத்துங்கள். முதல் ஐந்து நிமிடம் எதையும் அடையாளம் காண முயலாமல் இருக்கும் சத்தங்களைப் பிரித்து வையுங்கள்: ஆறு, தவளை, பக்கிக்குருவி, தூரத்து ஊர். பின்னணியை முதலில் ஒதுக்காவிட்டால் அடிக்குரல் ஆந்தை அதில் கரைந்துவிடும்.

கொம்பனின் கூவல் இரண்டு அசை: "பு... போஓஓ". இரண்டாவது அசை அழுத்தமாக, நீண்டு ஒலிக்கும். சில நொடி இடைவெளி விட்டு அதே கூவல் திரும்ப வரும். பெரும்பாலும் சூரியன் மறைந்த கொஞ்ச நேரத்திலேயே, உயரமான பாறையிலிருந்து தொடங்கும். அசையை எண்ணுங்கள், இரண்டாவது நீள்கிறதா என்று கவனியுங்கள்.

பூமனின் வழக்கமான கூவல் மூன்று துண்டு: "ஹுப்–ஹுப்–ஹூ". உள்ளடங்கிய, குடைந்த குரல். ஜோடி சேரும் காலத்தில் ஒன்று கூவ மற்றது பதில் சொல்லும். சில நேரம் வெறும் "பூம், பூம்" என்று மட்டும் வரும். அது அருகில் இருந்தாலும் தூரத்தில் கேட்பதாகத் தோன்றும். ஆற்றுச் சத்தத்துக்கு நடுவே இதைப் பிடிப்பது சிரமம். தண்ணீர் வேகமாக ஓடும் இடத்தை விட்டுச் சற்றுத் தள்ளி நிற்பது நல்லது.

இந்தப் படியில் அதிகமாக நடக்கும் தவறு செம்போத்து. "கூப் கூப் கூப் கூப்" என்று வரிசையாக, வேகமாக, ஆழ்ந்த குரலில் அது கூவும். அந்தியிலும் அதிகாலையிலும் புதருக்குள்ளிருந்து வரும். புதியவர்கள் அதை ஆந்தை என்று பதிவு செய்துவிடுகிறார்கள். நான்கு, ஐந்து, ஆறு என்று நிற்காமல் போனால் அது நம் இரண்டில் எதுவும் இல்லை.

பறவையின் குரலைக் கேட்டுப் பெயர் காட்டும் மெர்லின் செயலி பயனுள்ளதுதான். ஆனால் ஃபோன் மைக் இவ்வளவு தாழ்ந்த குரலை, அதுவும் ஆற்றுச் சத்தத்தில், நன்றாகப் பிடிப்பதில்லை. செயலி பெயர் காட்டவில்லை என்பதற்காக ஆந்தை இல்லை என்று எழுதவும் வேண்டாம், காட்டிவிட்டது என்பதற்காக அப்படியே ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். பதிவைச் சேமித்து வீட்டில் ஹெட்போன் போட்டுக் கேளுங்கள்.

ஃபோனில் ஆந்தைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. கூவலைக் கேட்ட ஆந்தை, தன் எல்லைக்குள் இன்னொன்று வந்துவிட்டது என்று எண்ணி அடையையும் குஞ்சையும் விட்டுவிட்டு வரும். நமக்கு அடையாளம் கிடைக்க அது தரும் விலை பெரிது. அப்படி வரவழைப்பவர்களோடு நான் போவதில்லை.

9. மூன்றாவது ஆந்தையை விலக்குங்கள்

இரண்டில் எது என்று முடிவு செய்யும் முன், இரண்டுமே இல்லாமல் இருக்க வாய்ப்புண்டா என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

மேற்குச் சரிவின் ஈரக்காடுகளில், கூடலூர்ப் பக்கம், கொம்புள்ள இன்னொரு பெரிய ஆந்தை உண்டு. வெளிறிய வயிற்றில் கோட்டுக்குப் பதிலாக அம்புமுனை வடிவப் புள்ளிகள் இருக்கும். கண் மஞ்சள் கிடையாது, கரும்பழுப்பு. இரவில் மனிதர் அலறுவதாகத் தோன்றும் நீண்ட ஓலம் இதனுடையது. கண் கருப்பாகத் தெரிந்தால் பூமனையும் கொம்பனையும் விட்டுவிடுங்கள்.

ஊட்டி, கோத்தகிரி, குன்னூர் சோலைகளில் பார்த்தது என்றால் கொம்பு இருந்ததா என்பதே முதல் கேள்வி. சோலையில் உள்ள பெரிய காட்டாந்தைக்குக் கொம்பு கிடையாது. உருண்ட தலை, கண்ணைச் சுற்றிக் கருமை, வெள்ளைப் புருவம். பழனி மலைச் சோலைகளிலும் இதே கதைதான். மரக்கூட்டத்துக்குள் மங்கலில் பார்த்துவிட்டு, கொம்பை மடித்து வைத்திருக்கும் என்று ஊகித்துக் கொம்பன் கணக்கில் எழுதுவது வழக்கமான பிழை.

10. படம் மட்டும் கையில் இருந்தால்

வாட்ஸ்அப்பில் ஒரு படத்தை அனுப்பி "இது என்ன?" என்று கேட்கிறவர்கள் அதிகம். படத்திலும் வரிசை அதேதான், சில மாற்றங்களோடு.

முதலில் மூலப்படத்தைக் கேளுங்கள். வெட்டி ஒட்டி, நிறம் ஏற்றி, சுருக்கி அனுப்பியதில் கண் நிறமும் அடிநிறமும் போயிருக்கும். அப்புறம் விரலுக்கு மேல் உள்ள தண்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். கிளை மறைத்திருந்தால் மார்புக் கோடு மேலிருந்து கீழே மெலிகிறதா என்று பாருங்கள். அதற்கும் வழியில்லாவிட்டால் முகவட்டத்தின் கருப்பு விளிம்பு. இந்த மூன்றில் கால் தெரிந்தால் அது ஒன்றே போதும். கால் தெரியாவிட்டால் மற்ற இரண்டும் ஒரே பக்கம் சேர வேண்டும். ஒன்று பூமன் பக்கமும் மற்றது கொம்பன் பக்கமும் இழுத்தால் அந்தப் படத்தை முடிவில்லாமல் விட்டுவிடுங்கள்.

நேர் கீழிருந்து எடுத்த படத்தில் முகம் குறுகித் தெரியும், கொம்பு காணாமல் போகும். நனைந்த ஆந்தையில் எல்லாக் கோடும் தடித்துவிடும். படம் எடுத்தவரிடம் மழை பெய்ததா, எந்தக் கோணம் என்று கேட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

11. தரையில் குஞ்சு கிடந்தால்

கொம்பன் கூடு தரையில் இருப்பதால் அதன் குஞ்சுகள் பறக்கும் முன்பே நடந்து சுற்றத் தொடங்கும். வெளிறிய பஞ்சுத் தூவியோடு பாறையடியில் உட்கார்ந்து, கிட்டப் போனால் அலகைப் படபடவென்று தட்டும், சிறகை விரித்துப் பெரிதாகக் காட்டும். கைவிடப்பட்ட குஞ்சு என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். தாய் பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கும். சிறகு உடைந்ததாக நடித்து உங்களைத் திசைதிருப்பவும் பார்க்கும். கொம்பன் குஞ்சு ஆறு மாதம் வரை பெற்றோரை நம்பியிருக்கும், நாம் அந்த வளர்ப்பைத் தர முடியாது.

விட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். சாலை நடுவில் இருந்தாலோ காயம் பட்டிருந்தாலோ வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். பாலும் பிரெட்டும் ஊட்டாதீர்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி ஆந்தையை வீட்டில் வைத்திருப்பதும் குற்றமே. இனம் காண்பதற்காகக் குஞ்சைக் கையில் எடுக்கவும் தேவையில்லை. தூரத்திலிருந்தே காலைப் பாருங்கள், குஞ்சிலும் அந்த வித்தியாசம் இருக்கும்.

12. பதிவு எழுதும் முறை

பார்த்த இடத்திலேயே எழுதுங்கள். இரவு தங்குமிடத்துக்குப் போய், புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதினால், புத்தகத்தில் இருப்பதெல்லாம் நீங்கள் பார்த்ததாகிவிடும்.

நேரம், வெளிச்சம், தூரம். பிறகு கால், மார்பு, முகவட்டம், கண், குரல் என்று அடையாளம் வாரியாக ஒரு வரி. தெரியாததற்கு எதிரே "தெரியவில்லை" என்று எழுதுங்கள். இனத்தின் பெயரைக் கடைசியில் எழுதுங்கள். பெயரை முதலில் எழுதிவிட்டால் மற்ற வரிகள் எல்லாம் அதற்கு ஏற்பவே அமைந்துவிடும்.

முடிவு வராவிட்டால், பார்த்த பறவைகளைப் பதியும் இணையதளமான இ-பேர்டில் ஆந்தை என்ற பொதுவகையில் பதியலாம். தவறான பெயரைவிட அது ஆராய்ச்சிக்குப் பயன்படும்.

கூட்டைக் கண்டால் சரியான இடத்தை வனச்சரக அலுவலகத்துக்கு மட்டும் சொல்லுங்கள். படம் போட ஆசைப்பட்டால், ஃபோனில் இருப்பிடப் பதிவை அணைத்துவிட்டு, குஞ்சுகள் இடம் விட்டுப் போன பிறகு, "மசினகுடி சுற்றுவட்டாரம்" என்று மட்டும் குறிப்பிட்டுப் போடுங்கள்.